ஃபியூஸ் சொன்ன செய்தி

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன கூட்டத்தில் மாடித் தோட்டம். அதற்கு முந்தைய கூட்டத்தில் சர்க்கரை நோய். இந்த முறை செயலாளர் என்னைப் பிடித்து, "சார், உங்க பழைய கார்ல கரென்ட் கோளாறு வந்த கதையைச் சொல்லுங்க" என்றார். "அது யாருக்குப் பயன்படும்?" என்று கேட்டேன். "பயன்படாவிட்டாலும் பரவாயில்லை சார், கடைசியில சுண்டல் இருக்கு" என்றார். ஆகவே நீங்கள் எல்லோரும் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் சிவில் என்ஜினீயர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் குடிநீர்க் குழாய் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். தண்ணீர் தெரியும், மின்சாரம் தெரியாது. கல்லூரியில் அந்தப் பாடத்தைத் தேறுவதற்காக மட்டும் படித்தவன். அப்படிப்பட்டவன் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். இரண்டு பேர் மட்டும் உட்காரும், துணிக் கூரை போட்ட சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்ற ஊரில் செய்தார்கள். எல்லா வகை எம்.ஜி.பி.யும் சேர்த்து மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதனால் அங்கே அது ராஜா வீட்டு வண்டி அல்ல. வாத்தியாரும் நர்சும் வாங்கி ஓட்டிய வண்டி. என்னுடையது 1972ஆம் வருடத்து வண்டி. என் கைக்கு வரும்போது அதற்கு 23 வயது. என் மனைவி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுல மழை உள்ளே வருமா வெளியே போகுமா?" என்று கேட்டாள். இரண்டும் நடந்தது.

பழைய பிரிட்டிஷ் கார் என்றாலே அங்கே ஒரு கேலி உண்டு. அந்த வண்டிகளின் விளக்கு, டைனமோ, சுவிட்ச் எல்லாம் பெரும்பாலும் லூகாஸ் கம்பெனியுடையவை. ஜோசப் லூகாஸ் என்பவர் பர்மிங்காமில் மண்ணெண்ணெய் விற்று, பிறகு சைக்கிள் விளக்கு செய்து வளர்ந்தவர். அவருக்குக் கேலியாக வைத்த பட்டப்பெயர் 'இருளின் இளவரசர்'. ஆங்கிலேயர்கள் பீரை ஏன் சூடாகக் குடிக்கிறார்கள்? ஃப்ரிட்ஜ் லூகாஸ் கம்பெனியுடையது! இந்த மாதிரி. நம் ஊருக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. பாடி பக்கம் போகிறவர்களுக்கு லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை தெரியும். 1961இல் அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியதுதான் அது.

நானும் இந்தக் கேலியைச் சொல்லிச் சிரித்தவன்தான். ஆனால் என் வண்டியில் வந்த எந்தக் கோளாறுக்கும் அந்தக் கம்பெனி காரணமில்லை. துரு காரணம், வயது காரணம், ஒரு கோளாறுக்கு நானே காரணம். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் அந்த வண்டியின் மின்சார அமைப்பை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 12 வோல்ட். சீட்டுக்குப் பின்னால் பலகைக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. ஒவ்வொரு விளக்குக்கும் போகிற வயர் உண்டு. ஆனால் பேட்டரி வரைக்கும் திரும்பி வருகிற வயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்பே திரும்பும் பாதை. அதைத்தான் எர்த் என்கிறோம். 1967க்கு முந்தைய எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ் முனை உடம்போடு சேர்ந்திருக்கும், பிந்தையதில் நெகட்டிவ். தெரியாமல் இந்தக் காலத்து ரேடியோவைப் பழைய வண்டியில் மாட்டியவர்கள் ரேடியோவுக்குக் காரியம் செய்ய வேண்டியதுதான்.

வயர்களுக்கு நிறம் உண்டு, அந்த நிறம் ஒரு மொழி. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் உயிரோடு இருக்கும், ஃபியூஸ் கிடையாது. வெள்ளை என்றால் சாவி போட்ட பிறகு உயிர் வருவது. அதற்கும் ஃபியூஸ் கிடையாது. வெள்ளை ஒரு ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. பழுப்பு ஒரு ஃபியூஸைத் தாண்டினால் ஊதா. நீலம் முன்விளக்கு, சிவப்பு பார்க்கிங் விளக்கும் பின்விளக்கும், கறுப்பு எர்த். என் வண்டி முழுவதற்கும் நாலே நாலு ஃபியூஸ். பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், பெட்ரோல் முள், ரிவர்ஸ் விளக்கு எல்லாம் ஒரே பச்சை ஃபியூஸில் தொங்குகின்றன. ஒரு ஃபியூஸ் போனால் அத்தனையும் போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோளாறு பின்விளக்கில் வந்தது. அங்கே வருடம் ஒருமுறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், எம்.ஓ.டி. என்பார்கள். பரிசோதகர் இடது இண்டிகேட்டரைப் போடச் சொன்னார், எரிந்தது. பிரேக்கை மிதிக்கச் சொன்னார், மிதித்தேன். இண்டிகேட்டர் துடிப்பதை நிறுத்திவிட்டது. பின்விளக்கு மங்கலாக எரிந்தது. ஃபெயில்.

நான் என்ன செய்தேன்? பல்பை மாற்றினேன். சரியாகவில்லை. இண்டிகேட்டர் துடிப்பதற்கான ஃபிளாஷரை மாற்றினேன். பிரேக் சுவிட்சை மாற்றினேன். மூன்று சனிக்கிழமைகளும் முப்பத்தைந்து பவுண்டும் போயின. கோளாறு அப்படியே இருந்தது. எது கெட்டுப் போயிருக்கிறது என்று பார்க்காமல், எது கெட்டிருக்கலாம் என்று யோசித்து யோசித்து வாங்கிப் போட்டேன்.

அதற்குள் இரண்டாவது கோளாறு வந்தது. அந்தப் பச்சை ஃபியூஸ் எரிந்தது. புதிது போட்டேன். பத்து நாள் கழித்து மறுபடி எரிந்தது. மறுபடி போட்டேன். ஒரு மழை நாள் மாலையில் இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் இல்லாமல், பின்னால் லாரி வர, கையை வெளியே நீட்டிச் சைகை காட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வெறுத்துப்போய், "இனிமேல் எரியாத ஃபியூஸாகப் போடுகிறேன்" என்று முடிவு கட்டினேன்.

வண்டியின் கையேட்டில் 35 ஆம்பியர் என்று போட்டிருந்தது. நான் கடைக்குப் போய் 35 என்று எழுதிய ஃபியூஸை வாங்கி வந்தேன். கையேட்டில் உள்ளதைத்தானே வாங்கினேன், தப்பு என்ன என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருக்கும் 35 என்பது, அது எரிந்து போகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதி, 17 ஆம்பியர். நான் வாங்கியது வேறு வகை. அதில் எழுதியிருந்த 35 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு. எரிய வேண்டுமென்றால் அதற்கு இன்னும் வெகுதூரம் மேலே போக வேண்டும். எண் ஒன்றுதான், அர்த்தம் வேறு. எனக்கு அது தெரியாது. உண்மையைச் சொல்லப்போனால், தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. எரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

புது ஃபியூஸ் எரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பு முடிந்து, ஈரத் தலையோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். துணிக் கூரை மூடியிருந்தது. நெரிசலான இடத்திலிருந்து வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். "அப்பா, ஏதோ நாத்தம் வருது" என்றாள். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். குனிந்து பார்த்தால் கியர் இருக்கும் இடத்திலிருந்து புகை. அவள் காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஜாண்தான் இடைவெளி.

சாவியைத் திருப்பி நிறுத்தினேன். அவளை என் பக்கக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். நல்லவேளை, புகை அடங்கியது. பச்சை வயர் சாவிக்குக் கட்டுப்பட்டது, அதனால் அடங்கியது. அதே கோளாறு பழுப்பு வயரில் வந்திருந்தால் சாவியை நிறுத்தி ஒரு பயனும் இல்லை. சீட்டைத் தள்ளி, பலகையைக் கழற்றி, பேட்டரியைப் பிரிப்பதற்குள் வண்டி போயிருக்கும். அவள் ஒன்றும் ஆகாமல் நின்றுகொண்டிருந்தாள், ஆனால் என் கை வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று முறை அந்த ஃபியூஸ் எனக்கு ஒரு செய்தி சொன்னது. நான் நாலாவது முறை அதன் வாயைப் பொத்தினேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கார் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்ததைப் பார்த்து, தேநீர்க் கோப்பையோடு வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "ஃபியூஸ் எரிந்த ஒவ்வொரு முறையும் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

யோசித்தேன். முதல் முறை, அலுவலகத்தில் வண்டியை நிறுத்தும்போது. இரண்டாம் முறை, வீட்டு வாசலில். மூன்றாம் முறை, மழை நாளில் கடை வாசலிலிருந்து எடுக்கும்போது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. எல்லாம் ரிவர்ஸ்! ரிவர்ஸ் கியர் போட்டால் கியர் பெட்டியில் இருக்கும் ஒரு சுவிட்ச் வழியாகப் பின்னால் வெள்ளை விளக்கு எரியும். நாலு முறையும் அந்த ஒரு வயருக்குள் மட்டும் கரென்ட் போயிருக்கிறது. மூன்று மாதமாகக் கண்முன்னே இருந்த விடை.

பிறகு அவர் செய்ததை நான் இன்றும் ரசித்து நினைத்துக்கொள்வேன். ஃபியூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சின்ன வயர் வைத்து ஒரு 21 வாட் பிரேக் பல்பை மாட்டினார். பல்பைத் தாண்டி இரண்டு ஆம்பியருக்கு மேல் போகவே முடியாது, அதனால் எதுவும் கருகாது. என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு வைத்தால் காயில் சூடாகிவிடும் என்று அதற்கு வரும் வெள்ளை வயரை முதலில் கழற்றி வைத்தார். சாவி போட்டார், பல்பு லேசாக மினுங்கியது. ரிவர்ஸ் போட்டார், பளிச்சென்று எரிந்தது. ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். வண்டிக்கு அடியில் படுத்து வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை பட்டதும் பல்பு மங்கியது. "இங்கேதான்" என்றார். வயரைப் பிடித்து வைக்கும் கிளிப் ஒன்று எப்போதோ விழுந்திருக்கிறது. வயர் இருபது வருடமாக இரும்பில் உரசி உரசித் தோல் உரிந்து நின்றது. பத்து பென்ஸ் கிளிப். நாலு அங்குல வயர். அவ்வளவுதான் கோளாறு.

நான் பின்விளக்குக் கதையையும் சொன்னேன். "எர்த் பார்த்தீர்களா?" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தேன், பிரேக் பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சரியாக 12 வோல்ட் வருகிறதே என்றேன். சிரித்தார். "நீங்கள் தண்ணீர் என்ஜினீயர்தானே? குழாயை மூடி வைத்துக்கொண்டு அழுத்தம் பார்ப்பீர்களா?"

எனக்கு அங்கேதான் மண்டையில் உறைத்தது. உங்களுக்கும் உறைக்கும், ஏனென்றால் நாம் எல்லோரும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் குளிப்பவர்கள். குழாயில் உப்பு படிந்து முக்கால்வாசி அடைத்திருந்தாலும், குழாயை மூடியிருக்கும்போது அழுத்தம் முழுசாக இருக்கும். திறந்தால்தான் நூல் மாதிரி வரும். மின்சாரமும் அப்படியே. துருப்பிடித்த இணைப்பு வழியாகவும், கரென்ட் ஓடாதபோது மீட்டர் 12 வோல்ட் காட்டும். விளக்கை எரியவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அளந்தோம். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில். இன்னொரு முனை பின்விளக்குக் கூட்டின் உலோகத்தில். இரண்டும் எர்த் என்றால் வித்தியாசமே இருக்கக் கூடாது. நான் பிரேக்கை மிதித்தேன். மீட்டர் 5 வோல்ட் காட்டியது. எர்த் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது எர்த்தே இல்லை. விளக்குக் கூடு வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் துரு ஏறி, கரென்ட் திரும்பிப் போக வழி இல்லை.

அப்படியானால் அது எங்கே போகும்? நம் கட்டடத்தில் கழிவுநீர்க் குழாய் கீழே அடைத்துக்கொண்டால் மாடியில் விட்ட தண்ணீர் எங்கே வரும்? தரைத்தளத்துக் குளியலறையில் பொங்கி வரும். அதே கதைதான். பிரேக் விளக்கின் கரென்ட் வெளியேற வழியில்லாமல், பக்கத்தில் இருக்கும் பின்விளக்கு இழை வழியாக, இண்டிகேட்டர் இழை வழியாக எதிர்த்துப் போனது. அதனால்தான் பிரேக் மிதித்தால் வேறு ஏதோ எரிந்தது. பல்பு, ஃபிளாஷர், சுவிட்ச் மூன்றும் நிரபராதிகள். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, வாஸ்லின் தடவி, மறுபடி முடுக்கினோம். மீட்டர் 0.1 வோல்ட் காட்டியது. இருபது நிமிட வேலை. ஒரு பைசா செலவில்லை.

அதற்குப் பிறகு வண்டியில் கோளாறு வராமல் இல்லை. வந்தது, ஆனால் பயம் போய்விட்டது. ஒரு குளிர்காலக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, சோக் கம்பியைத் தொட்டால் சுடுகிறது. முன்பாக இருந்தால் புது பேட்டரி வாங்கியிருப்பேன். இப்போது புரிந்தது: என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதை உடம்போடு சேர்ப்பது ஒரே ஒரு எர்த் பட்டை. அது அற்றுப் போனால் ஸ்டார்ட்டரின் கரென்ட் சோக் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். பட்டையை மாற்றினேன், வண்டி கிளம்பியது. முன்விளக்கு மங்கியபோது பேட்டரியில் 14, பல்பில் 11 என்று அளந்து, நடுவில் இருந்த 3 வோல்ட்டை இணைப்பு இணைப்பாகத் தேடிப் பிடித்தேன். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும் என்பதும் அப்போது படித்ததுதான்.

அந்தப் பெரியவரிடம் கற்றதை இப்படிச் சுருக்கிச் சொல்லலாம்:

1. கோளாறு வரும்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று முதலில் எழுதி வையுங்கள். கருவியை அப்புறம் எடுக்கலாம்.

2. ஒரே நேரத்தில் எவையெல்லாம் நின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே நிறத்து வயரா? அப்படியானால் ஃபியூஸ் பக்கம். ஒரே மூலையில் உள்ளவையா? அப்படியானால் எர்த் பக்கம்.

3. பொருள் கெடுவதைவிட இணைப்பு கெடுவது அதிகம். வாங்குவதற்கு முன் தேய்த்துப் பாருங்கள்.

4. ஓடவிட்டு அளக்க வேண்டும். நிறுத்தி வைத்து அளந்தால் மீட்டர் பொய் சொல்லும்.

5. 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் சுடும். வேலைக்கு முன் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றுங்கள். எர்த் முனையை முதலில் பிரியுங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

6. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். ஒருபோதும்.

இந்தியா திரும்பும்போது வண்டியை ஒரு இளைஞருக்கு விற்றேன். சாவியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும், இரண்டு வயர் பற்றவைத்த அந்த 21 வாட் பல்பையும், பேட்டரிக்கு நான் போட்ட கட்-ஆஃப் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எழுதிய காகிதத்தையும் கொடுத்தேன். என் மகளுக்கு இப்போது சொந்தக் கார் இருக்கிறது. வாங்கிய அன்றைக்கு முதல் வேலையாக ஃபியூஸ் பெட்டி எங்கே என்று கேட்டாளாம். விற்பனையாளர் தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனதாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. செயலாளர் மன்னிக்க வேண்டும், இதை நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. நம் மோட்டார் அறையில் இரண்டாவது பம்ப்பின் எம்.சி.பி. ஒரு மாதமாக அடிக்கடி விழுகிறது. போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "பெரிய எம்.சி.பி. போட்டுட்டா பிரச்சினை தீர்ந்துது" என்று ஒருவர் சொன்னார். மூன்று நான்கு பேர் தலையாட்டினோம். நானும் அங்கே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு தூக்கம் வரவில்லை. அது 12 வோல்ட் அல்ல. அதில் நான் கை வைக்க மாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்கச் சொல்வோம். அதுவரை எத்தனை மணிக்கு விழுகிறது, அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று வாட்ச்மேன் ஒரு நோட்டில் எழுதட்டும். நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.

சுண்டல் இன்னும் சூடாக இருக்கிறது என்று நம்புகிறேன்.